மூட்டைக்கு ஒரு பங்கு: மகமையும் வணிகரின் நற்பெயரும்

விருதுநகரிலோ மதுரை கீழமாசி வீதியிலோ மொத்தக் கடையில் சரக்கெடுத்தவர்களுக்குப் பழைய பில்லின் அடியில் இருந்த ஒரு வரி நினைவிருக்கும். சரக்கின் விலை, சாக்கு, எடைக்கூலி, ஏற்றுகூலி எல்லாம் எழுதிக் கூட்டியபின் ‘மகமை’ என்று சில காசுகள் சேர்ந்திருக்கும். விலைக்காக அரை மணி நேரம் வாதாடிய வியாபாரி அந்தச் சில காசுகளுக்காக வாய் திறப்பதில்லை. ஊருக்குப் போகிற காசு அது என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

அந்த ஒரு வரியின் வரலாற்றைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை. வணிகர்கள் ஊராரிடமும் வாடிக்கையாளரிடமும் நல்லெண்ணத்தை எப்படிச் சம்பாதித்தார்கள் என்ற கேள்விக்குத் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுச் சான்று கிடைக்கிறது. அதைப் பார்த்தபின் எனக்குப் படுவது இதுதான்: எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட, கொடுத்தது எந்த ஊரில், யார் கண்முன் செலவானது என்பதே அவர்களுடைய நற்பெயரைத் தீர்மானித்திருக்கிறது.

தொடக்கத்தைக் கல்வெட்டுகளில் காணலாம். தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘அவனிநாரணம்’ என்ற குளத்தைக் குறிப்பிடுகிறது. மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயரைத் தாங்கிய அந்தக் குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டிருந்தது. மணிக்கிராமம் ஒரு வணிகக் குழு. கடல் கடந்து போன இடத்தில் வணிகர்களின் பெயர் ஒரு நீர்நிலையோடு சேர்ந்து நிற்கிறது. சரக்கை இறக்கி விற்றுவிட்டு மறுநாள் கப்பலேறிப் போகிறவனுக்குக் குளத்தைக் காக்கும் வேலை இல்லை. அந்த ஊரில் இருக்கப்போகிறவன், திரும்பத் திரும்ப வரப்போகிறவன்தான் அதைச் செய்வான்.

இதைவிட விரிவான சான்று சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் இருக்கிறது. திருக்கொடுங்குன்றம் என்ற பழம்பெயருடைய அந்தத் தலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பல ஊர் வணிகர்கள் கூடித் தாங்கள் கையாளும் சரக்குகளின் மீது தாங்களே ஒரு சிறு பங்கை விதித்துக்கொண்டு, அதைக் கோயிலுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அது. ‘பட்டணப்பகுடி’ என்பது அந்தப் பங்கின் பெயர். உப்பு, அரிசி, மிளகு, பாக்கு, பருத்தி, சந்தனம், அகில், குதிரை, யானை என்று சரக்குப் பட்டியல் நீளுகிறது. பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று அளவைப்படி பங்கு சொல்லப்படுகிறது.

இக்கல்வெட்டை வெறும் கோயில் தானமாகப் படித்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசன் விதித்த வரியாக இருந்தால் கொடுப்பவன் தப்பிக்கப் பார்ப்பான். தனிச் செல்வர் ஒருவரின் நன்கொடையாக இருந்தால் அது அவர் மனநிலையையும் அந்த ஆண்டின் இலாபத்தையும் பொறுத்தது. இந்தப் பங்கு இவ்விரண்டிலும் சேராது. வணிகர்கள் கூடிப் பேசி, தங்களுக்குத் தாங்களே விதித்து, கல்லில் வெட்டி ஊர் நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் பொதி நகர்ந்தால் பங்கு உண்டு. பிற்காலத்து மகமையின் இலக்கணம் முழுதும் இதில் அடங்கியிருக்கிறது.

பெரிய வணிகக் குழுக்கள் மறைந்தபின்னும் பழக்கம் மறையவில்லை. அது மிகக் கூர்மையான வடிவம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில், இராமநாதபுரம் சீமையின் வறண்ட ஊர்களில். தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றி வடக்கே வந்த நாடார் வணிகர்கள், வழியில் வண்டிகளையும் சரக்கையும் பாதுகாப்பாக நிறுத்த ‘பேட்டை’களை அமைத்தார்கள். சுவர் சூழ்ந்த வளாகம், உள்ளே கிணறு, தங்குமிடம், கடைகள். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் இப்படி வணிகக் குடியிருப்புகள் வேர்பிடித்தன. பேட்டையைக் கட்டவும் காக்கவும் பணம் வேண்டுமே. அங்கு வந்துபோகும் சரக்கின் மீது மகமை விழுந்தது.

அதை நிர்வகித்தது ‘உறவின்முறை’. குடும்பத் தலைவர்கள் கூடும் சபை அது. முறை வைத்துப் பொறுப்பேற்றவர்கள் முறைகாரர்கள் எனப்பட்டார்கள். வசூல் கணக்கைச் சபையில் ஒப்புவிக்க வேண்டும். 1969இல் வெளிவந்த ராபர்ட் ஹார்டுகிரேவின் நாடார் சமூக ஆய்வு, இந்தச் சபையும் மகமையும்தான் அச்சமூகத்தின் எழுச்சிக்கு முதுகெலும்பு என்று காட்டுகிறது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. தொடக்ககால மகமை உள்நோக்கியே செலவானது. சுவரும் கிணறும் கோயிலும் தம்மவருக்காகவே இருந்தன. காரணமும் இருந்தது. வாசல்கள் எல்லாம் அவர்களுக்கு அடைபட்டிருந்த காலம் அது. பணம் சேர்ந்தபின்னும் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. செல்வம் தானாக நல்லெண்ணத்தைக் கொண்டுவராது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

திருப்பம் கல்வியில் வந்தது. 1889இல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. மகமைப் பணத்தோடு, வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டியும் அந்தப் பள்ளியை நடத்தினார்கள். சோறு வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். குறித்த நாளில் பள்ளியின் சார்பில் வந்து அதை வாங்கிப் போவார்கள். மகமை கடையிலிருந்து வந்தது, பிடி அரிசி அடுப்படியிலிருந்து வந்தது. வணிகரின் பணத்தோடு பெண்களின் கையும் சேர்ந்த பொதுக்காரியம் அது. பெயரில் சமூகத்தின் அடையாளம் இருந்தாலும் பள்ளியின் கதவு எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. இந்த இடத்தில்தான் மகமையின் பொருள் மாறுகிறது என்று கருதுகிறேன். சந்தைக்கு மிளகாயும் பருத்தியும் கொண்டுவரும் உழவரின் மகனும் தரகர் கட்டிய வகுப்பில் உட்கார முடிந்தது. விற்க வந்தவர், வாங்க வந்தவர், மூட்டை சுமந்தவர் ஆகிய எல்லோருக்கும் அந்த வணிகத்தோடு சரக்கைத் தாண்டிய ஓர் உறவு உண்டாயிற்று.

1903இல் அவ்வூரில் பிறந்த காமராசர் அந்தப் பள்ளியில்தான் படித்தார், சில ஆண்டுகளே. முதலமைச்சராகி அவர் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தபோதும், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தியபோதும், ஊராரே பெஞ்சும் கரும்பலகையும் சுற்றுச்சுவரும் கொடுக்க முன்வந்தார்கள். அரசாங்கத் திட்டம்தான் அது. ஆனாலும் ஊர் தன் பள்ளிக்குத் தானே கொடுக்கும் என்ற நம்பிக்கையில் பிடி அரிசிக் கலயத்தின் சாயலைக் காண்கிறேன்.

இதே வழியில் நிறுவனங்களும் பிறந்தன. 1910இல் பொறையாறில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு சமூகத்தின் பெயரை எடுத்துவிட்டு ஒரு நாட்டின் பெயரை வைத்துக்கொண்டதைச் சாதாரண அலுவலக நடவடிக்கையாக நான் பார்க்கவில்லை. வித்தியாசாலையின் கதவு திறந்ததற்கும் இதற்கும் ஒரே திசை.

கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே இருந்த சின்னச் சின்னப் பழக்கங்களையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அளந்தபின் போடும் கொசுறு, குழந்தை கையில் வைக்கும் பொரிகடலை, கையில் காசில்லாத மாதத்தில் ‘எழுதி வச்சுக்கோங்க அண்ணாச்சி’ என்றதும் விரியும் பற்று நோட்டு. புத்தாண்டுக்குக் கடைப்பெயர் போட்ட தினசரிக் காலண்டர். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசியில் தொடங்க, தீப்பெட்டி லேபிளுக்காக வந்த அச்சகங்கள் பின்னால் காலண்டர் பக்கம் திரும்பின. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பத்தை அங்கே வெளியிடுகிறார்கள். நாட்டில் எங்கோ ஒரு மளிகைக் கடை தன் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஆண்டு முழுதும் இடம்பிடிக்க, ஒரு வறண்ட ஊர் பிழைத்துக்கொண்டது.

மகமை யாருடைய பணம் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. வடநாட்டில் இதே பழக்கத்துக்குத் ‘தர்மாதா’ என்று பெயர். ஹத்ராஸ் ஊரின் பிஜிலி காட்டன் மில்ஸ் வாடிக்கையாளரிடம் பில்லில் சேர்த்து வாங்கிய தர்மாதா, மில்லின் வருமானமா என்று வருமான வரித்துறை தொடுத்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. அறத்துக்கென்று சொல்லி வாங்கிய பணம் தொடக்கத்திலிருந்தே அறத்துக்கென ஒதுக்கப்பட்டது, மில்லின் வியாபார வரவாகாது என்பது தீர்ப்பின் சாரம். வரிச் சட்டத்துக்காகச் சொன்னது என்றாலும் மகமையின் உயிர் அதில் இருக்கிறது. கொடுப்பவர் கடைக்காரர் மட்டுமல்லர். வாங்குகிறவரும் கூடக் கொடுக்கிறார். ஊரில் ஒரு பள்ளி எழும்போது, அதில் தன் மூட்டைக்கான காசும் கிடக்கிறது என்று அவரால் சொல்ல முடியும்.

இனி இதே பழக்கத்தின் மறுபக்கம். நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடமும் மகமை உண்டு, அதுவும் மிக ஒழுங்கான வடிவில். தெய்வத்தின் பெயரிலேயே பேரேட்டில் கணக்கு வைத்து, தொழிலின் ஒரு பங்கை அதில் வரவு வைப்பார்கள். டேவிட் ருட்னரின் ஆய்வு, இந்த அறக்கொடை அவர்களுடைய கடன் நாணயத்தோடு எப்படிப் பின்னிக் கிடந்தது என்று விளக்குகிறது. கோயிலுக்கு ஒழுங்காகக் கொடுப்பவரின் உண்டியலை (பணமாற்றுச் சீட்டை) நம்பிப் பணம் தரலாம் என்பது வணிகர்களுக்கிடையே இருந்த கணிப்பு. திருப்பணிகளும் 1863இல் எழுந்த காசி நகரச் சத்திரமும் இந்த ஒழுங்கில் வளர்ந்தவை.

அதே நகரத்தார் பர்மாவில் என்ன ஆனார்கள்? ஐராவதிக் கழிமுகத்துக் காடு நெல்வயலாக மாறியதில் அவர்கள் கொடுத்த கடனுக்குப் பெரும் பங்குண்டு. வெள்ளைக்கார வங்கிகள் எட்டிப்பார்க்காத உழவருக்கு அவர்களே பணம் தந்தார்கள். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத உழவரின் நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 விழுக்காடு நிலம். 1937வாக்கில் அது 25 விழுக்காடு ஆயிற்று. நிலத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் கடன் கொடுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வட்டியோடு திரும்பும் பணம். சேற்றில் கிடக்கும் நிலத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் நிலம் இழந்த பர்மிய உழவனுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது. அவன் கட்டிய வட்டியின் மகமை செட்டிநாட்டில் கோபுரமாக நின்றது. பர்மாவில் கட்டியவையும் பெரும்பாலும் தம்மவர் கும்பிடும் தண்டாயுதபாணி கோயில்கள். அவன் பிள்ளை உட்கார ஒரு வகுப்பறை அந்தப் பணத்தில் எழுந்திருந்தால் வெறுப்பு அத்தனை வேகமாகப் பரவியிருக்குமா என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அரசியல் காரணங்கள் பல இருந்தன, மந்தத்தை யாராலும் தடுத்திருக்க முடியாது, எல்லாம் உண்மை. ஆனாலும் 1948இல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தபோது, அவர்கள் சார்பில் பேச அந்த மண்ணில் ஆளில்லை.

இந்த அனுபவத்தின் நிழலில்தான் இராம. அழகப்பச் செட்டியாரின் கொடையை நான் வாசிக்கிறேன். அவர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. கோயில் மகமையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்த தூரம் பெரிது. ஆனால் இங்கே இன்னொன்றும் மாறிவிட்டது. பல ஊர்களில் ஈட்டிய பணம், ஒருவரின் தனி உள்ளத்தால், ஒருவரின் பெயரில், சொந்த ஊருக்கு வந்தது. அந்த உள்ளத்தை வணங்குகிறேன். முறை வைத்துக் கணக்கொப்புவிக்கும் சபை மட்டும் இந்தப் படத்தில் இல்லை.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பழைய பங்கைச் சட்டமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தச் சொற்றொடரைப் படிக்கும்போது பிரான்மலைக் கல் நினைவுக்கு வருகிறது. வேறுபாடும் கண்ணில் படுகிறது. மகமை பொதியின் மீது விழுந்தது, இது இலாபத்தின் மீது. மகமையை வாங்குகிறவர் பில்லிலேயே பார்த்தார். பெட்டிக்கடையில் சோப்பு வாங்கும் பெண்ணுக்கு அதை விற்ற நிறுவனத்தின் ஆண்டறிக்கை எட்டாது. மகமையின் முறைகாரர் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மறுநாள் அதே தெருவில் அத்தனை பேர் முகத்திலும் விழித்தாக வேண்டும்.

இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் கீழமாசி வீதியின் சின்னக் கடை வராது. அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் மகமைக்கென்று ஒரு தனி டப்பா இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் கடை சாத்தும்போது அன்றைய மூட்டைகளை எண்ணி, அதற்குரிய காசை அதில் போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்கள்.