யாரிடம் கேட்பது? லிந்துலைத் தோட்டங்களில் நோய் ஆலோசனையின் வரலாறு

தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே, அட்டன்–நுவரெலியா வீதியில் உள்ள சிறு நகரம் லிந்துலை. அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண்ணுக்கு வெள்ளைப்படுதல், முதுகுவலி, பால் சுரப்புக் குறைவு என்று ஏதேனும் வந்தால், பெரும்பாலும் முதலில் பக்கத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை) அக்காவிடமோ, அதே நெரையில் (வரிசையில்) கொழுந்து எடுக்கும் சின்னம்மாவிடமோதான் பேச்சு எழும். தோட்டத்து டாக்டரையாவின் முறை அதற்குப் பிறகுதான். படிப்பறிவின்மை, மூடநம்பிக்கை என்று இப்பழக்கத்துக்குக் காரணம் சொல்வது எளிது. இக்கட்டுரை அதன் வேரைத் தோட்ட நிர்வாகத்தின் அமைப்பில் தேடுகிறது. நோயை மேலே சொல்வதற்குக் கூலியும் மானமும் விலையாக இருந்த இடத்தில், பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். பிற்காலச் சுகாதாரத் திட்டங்களின் வெற்றி தோல்வியும் இந்தப் பேச்சோடு அவை கொண்ட உறவைப் பொறுத்தே அமைந்தது என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

பிரட்டுக்களமும் நோயும்

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. கூட்டத்தை அழைத்துவந்த கங்காணியின் கையிலேயே நோயாளியின் கதியும் இருந்தது. 1869க்குப் பின் இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது; ஆனால் கங்காணி முறை தொடர்ந்தது. விடியலில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும். வராதவர் ஏன் வரவில்லை என்று கங்காணி சொல்ல, கணக்கப்பிள்ளை குறித்துக்கொள்ள, தோட்ட அதிகாரியான துரையின் உத்தரவோடு நோயாளி மருந்துக்குப் போவார். அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய கூலி கணக்கில் ஏறாது. நேரம் தாழ்த்தினால் அரைப்பேர்தான்.

ஆக, நோயைச் சொல்லும் வழியும் கூலியைக் கணக்கிடும் வழியும் ஒன்றாகவே இருந்தன. அந்த வழியில் நின்றவர்கள் அனைவரும் ஆண்கள். மாதவிடாய்க் கோளாறையோ கருச்சிதைவையோ ஒரு பெண் அவர்களிடம் எப்படிச் சொல்வாள்? ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்திருந்தன என்பதைத் தோட்டப் பதிவேடுகளைக் கொண்டு அறிய முடியாது.

சட்டம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது

1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. இந்தியத் தொழிலாளரின் சிகிச்சைக்கெனத் தனிச் சட்டம் தேவைப்பட்டதே அவர்களின் சாவு எண்ணிக்கை அரசை எவ்வளவு உறுத்தியது என்பதைக் காட்டும். 1912இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் நோய்கள் குறித்து இன்னொரு சட்டமும் அதே ஆண்டில் சேர்ந்தது. தோட்டத்து மருந்தகமும் அதற்கு மேலே அரச வைத்தியசாலையும் என்ற அடுக்கு இவ்வாறு உருவானது. ஆயினும் நோயாளியைக் கண்டறிந்து அனுப்பும் பொறுப்பு துரையிடமே இருந்தது.

கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இந்த அமைப்பின் குறையை வெளிக்கொணர்ந்தது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அதைத் தொடங்கியது. வெறுங்காலோடு நடந்தவர்களின் இரத்தத்தை உறிஞ்சிய அந்தப் புழுவால் வந்த சோர்வு, அதுவரை சோம்பலாக எண்ணப்பட்டது. செனோபோடியம் எண்ணெய் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். மலசலகூடம் கட்டப்படாத தோட்டங்களில் அதே மண்ணிலிருந்து புழு திரும்பவும் காலில் ஏறியது. தோட்ட உரிமையாளர்களோ அந்தச் செலவை ஏற்கத் தயங்கினார்கள். எண்ணெயும் தலைச்சுற்றலை உண்டாக்கக்கூடியது. முதல் நாள் குடித்தவர் பட்ட பாடு அன்று மாலையே லயம் எனப்படும் வரிசை வீடுகள் முழுதும் தெரிந்திருக்கும். மறுநாள் மருந்துக்கு வர மறுத்தவரைப் பிடிவாதக்காரர் என்பதைவிட, கண்ணால் கண்டவரைக் கேட்டு முடிவெடுத்தவர் என்பதே பொருந்தும்.

1923இன் இந்தியத் தொழிலாளர் கட்டளைச்சட்டத்தின் பின் இலங்கையில் இருந்த இந்திய அரசின் முகவர், தோட்டச் சுகாதாரத்தையும் தம் ஆண்டறிக்கைகளில் எழுதினார். 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் வந்தது. உரிமை காகிதத்தில் ஏறியது. அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைச் சொல்லித்தர ஆள் வேண்டியிருந்தது.

பீலிக்கரை, இஸ்தோப்பு, பிள்ளைக்காம்பரா

பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட இடங்கள் தோட்ட வாழ்க்கையே அமைத்துக்கொடுத்தவை. தண்ணீர் பிடிக்கவும் குளிக்கவும் கூடும் பீலிக்கரை, மாலையில் உட்காரும் இஸ்தோப்பு (திண்ணை), கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் இடம், குழந்தைக்குப் பால் கொடுக்க வேலைக்கு நடுவே ஓடிவரும் பிள்ளைக்காம்பரா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பிரசவித்தவளுக்குக் காய மருந்து இடித்துக் கொடுப்பது, பத்தியம் சொல்வது, ‘இது மருந்துக்கு அடங்காது, பெரியாஸ்பத்திரிக்குப் போ’ என்று துணிந்து சொல்வது எல்லாம் அனுபவம் மிக்க மூத்த பெண்களின் பொறுப்பு. அவர்களில் சிலரே மருத்துவச்சிகளாகவும் இருந்தார்கள்.

இந்த ஆலோசனையில் தவறுகளும் உண்டு. கோடாங்கியிடம் போய் மந்திரித்துக்கொண்டு சிகிச்சைக்குத் தாமதித்தவர்கள் இருந்தார்கள். எனினும் கூடவே வந்து துணை நிற்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, வைத்தியசாலையில் சிங்களத்தில் பேச ஆளில்லாதபோது இரண்டு மொழியும் தெரிந்தவரைத் தேடி அனுப்புவது ஆகியவற்றைத் தோட்ட மருந்தகம் செய்யவில்லை, அயலவரே செய்தார்கள்.

சங்கமும் கருத்தடையும்

1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தொழிற்சங்கத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளரிடையே பாடல்களால் பிரசாரம் செய்தார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகி, பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸாக வளர்ந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவர் வழியாக, ‘ஆஸ்பத்திரிக்கு லொறி கொடுக்கவில்லை’ என்ற முறைப்பாடு கங்காணியைத் தாண்டிப் போக முடிந்தது. ஆனால் தலைவர்களும் ஆண்களே. மாதர் சங்கங்கள் தோன்றியபோதும் சம்பளப் பேச்சில் பெண்ணின் உடல் இரண்டாம் இடத்திலேயே நின்றது. 1948இல் இம்மக்களின் குடியுரிமை பறிபோனதும், அரச சேவைகளைக் கேட்கும் குரலும் வலுவிழந்தது.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்தது. பிற முறைகளைவிட நிரந்தர முறையே தோட்டங்களில் மேலோங்கியது. போதிய விளக்கமின்றிச் சம்மதம் பெறப்பட்டது என்ற விமர்சனம் இன்றும் நீடிக்கிறது. சத்திரசிகிச்சை முகாமுக்குப் பெண்களைக் கூட்டிச் சென்ற நிர்வாகம், சிகிச்சை முடிந்தவர்களும் செய்யவிருப்பவர்களும் ஆற அமரப் பேசிக்கொள்ள வழி செய்யவில்லை. பின்னாளில் எழுந்த ஐயங்களுக்கு லயத்துப் பேச்சே மீண்டும் இடமானது.

கிளினிக் வந்த பின்

1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அதே காலத்தில் பெருந்தோட்ட வீடமைப்புக்கும் சமூக நலனுக்குமான நிதியம் அமைந்தது. அதுவே இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். தோட்ட மருத்துவம் படிப்படியாக அரச அமைப்போடு இணைந்தது. லிந்துலையில் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் உள்ளது. குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். 1996இல் நாட்டில் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் நடுவயதுப் பெண்கள் கர்ப்பத்தோடு தொடர்பற்ற நோய்களுக்கும் பரிசோதனை பெறலாம். குடும்ப சுகாதாரப் பணியகம் தாய்மார் ஆதரவுக் குழுக்களையும் ஊக்குவிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி மூடவில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். வறுமையையும் லயத்தின் நெருக்கடியையும் ஆலோசனையால் மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் ஆலோசனைக்குள்ள ஆற்றலும் நிறுவப்பட்டதே. நேபாளத்தின் மக்வான்பூரில் பெண்கள் மாதந்தோறும் கூடிப் பிரசவச் சிக்கல்களைத் தாங்களே அலசித் தீர்வு தேடினார்கள். அக்குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. வழிநடத்தியவர் உள்ளூர்ப் பெண். மருத்துவப் பட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை. லிந்துலைப் பெண்கள் பீலிக்கரையில் செய்துவந்ததும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

சொல்ல முடியாதவை

லயத்துப் பேச்சுக்கும் எல்லை உண்டு. பழைய லயங்களில் ஒரு காம்பராவின் பேச்சு மறு காம்பராவுக்குக் கேட்கும். மலட்டுத்தன்மை, கணவனின் அடி, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்றவற்றை அங்கே கேட்டால் மறுநாள் மலை முழுதும் தெரிந்துவிடும். இலங்கையின் தற்கொலை விகிதம் 1995இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தைத் தொட்டது; கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததே பின்னர் அது இறங்க முக்கியக் காரணம். நஞ்சை எட்டாமல் வைப்பதோடு, மனம் திறக்க ஓர் இடமும் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் அத்தகைய இடம். அழைப்பவரை அடையாளம் காணும் அயலவர் அங்கே இல்லை.

முடிவு

கங்காணி, துரை, சங்கத் தலைவர், உத்தியோகத்தர் என்று கேட்குமிடம் மாறிக்கொண்டே வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் கேட்பது மட்டும் எல்லாக் காலத்திலும் நீடித்தது. அதைப் புறந்தள்ளிய திட்டங்கள் ஐயத்தை விளைத்தன. எனவே லிந்துலை போன்ற இடங்களில் தாய்மார் குழுக்களைக் கூட்டும்போது, வேலை நாளில் கூடினாலும் பேர் விழ வேண்டும். ஏற்கெனவே ஆலோசனை சொல்லிவரும் மூத்த பெண்களைக் கொண்டே குழுவை நடத்த வேண்டும். அங்கே பேச முடியாதவற்றுக்கு இரகசியம் காக்கும் தமிழ்ச் சேவை தனியே இருக்க வேண்டும். இம்மூன்றில் முதலாவதே கடினமானது. 150 ஆண்டுகளாக நோய்க்குக் கூலியை வெட்டிய வழக்கத்தை அது எதிர்கொள்கிறது.