அரசர் எவரும் வாங்காத அரச வாகனம்

பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். முன்பக்கம் மட்டுமே ஒரு சிறிய அறையளவு நீண்டு கிடக்கும் கறுப்பு நிறக் கார். ரேடியேட்டர் மூடியின் மேல் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் ஒரு வெள்ளி யானை.

"மாமா, இது கூல் தானே?" என்றான்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் காலத்தில் இப்படியானதை 'எடுப்பு' என்போம். எடுப்பு வேறு, அழகு வேறு என்று வாப்பா சொல்வார். அவர் தறிக்காரர், சாயமும் பாவும் ஊடையும் அறிந்தவர். கண்ணைப் பறிக்கும் சேலை ஒரு துவைப்பில் வெளுத்துவிடும் என்பது அவர் அனுபவம். அந்தப் பழக்கத்தில்தான் நானும் இந்தக் காரின் சரித்திரத்தைக் கொஞ்சம் துவைத்துப் பார்க்க நினைத்தேன்.

அது 'புகாட்டி ரோயல்'. இத்தாலியின் மிலான் நகரில் 1881இல் பிறந்த எட்டோரே புகாட்டி, அல்சாஸ் பிரதேசத்தின் மொல்ஸைம் என்ற சிற்றூரில் 1909இல் தொழிற்சாலை தொடங்கியவர். பந்தயக் கார்களால் புகழ் பெற்ற அவருக்கு 1920களில் ஓர் ஆசை வந்தது. உலகத்து மன்னர்கள் மட்டுமே ஏறத்தக்க ஒரு வாகனம் செய்ய வேண்டும் என்பதே அது. எட்டு சிலிண்டர்கள், 12.7 லீற்றர் கொள்ளளவு கொண்ட இயந்திரம். இன்று நம் வீதிகளில் ஓடும் சிறிய கார் ஒன்றின் இயந்திரம் ஏறத்தாழ 1 லீற்றர் என்பதை நினைத்தால் அதன் பூதாகாரம் விளங்கும். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரமே 4.3 மீற்றர். அந்த யானை, 1916இல் இறந்துபோன எட்டோரேயின் தம்பி, சிற்பி ரெம்பிராண்ட் புகாட்டியின் படைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தப் பகட்டுக்குள் ஓர் அண்ணனின் துக்கமும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இருபத்தைந்து கார்கள் செய்வது அவரது திட்டம். செய்து முடிந்தவை ஆறு. வெளியாருக்கு விற்கப்பட்டவை மூன்றே மூன்று. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் செல்வந்தர்களின் பணப்பெட்டிகளையும் மூடச் செய்தது. அரசருக்கென்று பெயர் வைத்த காரை அரசர் ஒருவர்கூட வாங்கவில்லை.

வாங்கியவர்கள் யார்? 1932இல் ஒன்றை வாங்கியவர் பாரிஸின் ஆடை உற்பத்தியாளர் ஆர்மண்ட் எஸ்டர்ஸ். தான் இரவில் கார் ஓட்டுவதில்லை என்பதால் முன்விளக்குகளே வேண்டாம் என்றார். அப்படியே விளக்கில்லாமல் செய்து கொடுத்தார்கள். மற்றொன்றை வாங்கியவர் ஜேர்மனிய வைத்தியர் ஒருவர். அது அவருடன் நியூயோர்க் வரை போய், குளிரில் நீர் உறைந்து இயந்திரம் வெடித்து, பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. 1940களில் ஒரு பொறியியலாளர் அதை அங்கிருந்து மீட்டார். இன்று அது அமெரிக்காவில் ஹென்றி போர்ட் நூதனசாலையில் நிற்கிறது. மூன்றாவதை வாங்கியவர் ஓர் ஆங்கிலேயர்.

விலைபோகாத கார்களுக்கென்று செய்த இயந்திரங்கள் என்னவாயின? இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 1933 முதல் புகாட்டி அவற்றைப் புகையிரதப் பாதையில் ஓடும் பெட்டிகளில் பொருத்தினார். ஒரு பெட்டிக்கு இரண்டு அல்லது நான்கு இயந்திரங்கள். அவ்வாறு 80க்கும் மேற்பட்ட பெட்டிகள் பிரான்ஸின் தண்டவாளங்களில் ஓடின. மன்னனுக்காக வார்க்கப்பட்ட இயந்திரம், பயணச்சீட்டு வாங்கியவர்களை இழுத்துக்கொண்டு ஓடியது. தொழிற்சாலை பிழைத்ததும் அதனால்தான்.

கதை அத்துடன் முடியவில்லை. அதே அல்சாஸில், முலூஸ் நகரத்தை அண்டி, ஹான்ஸ், பிரிட்ஸ் ஷ்லும்ப் என்ற சகோதரர்கள் கம்பளி நூற்பாலைகள் நடத்தி வந்தார்கள். அவர்களில் பிரிட்ஸுக்குப் புகாட்டி என்றால் பித்து. 1960களில் உலகெங்குமிருந்து பழைய கார்களை இரகசியமாக வாங்கிக் குவித்தார். முலூஸில் ஓர் ஆலைக் கட்டடத்தையே அவற்றுக்கான மண்டபமாக மாற்றி, பாரிஸின் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்து விளக்குகளைப் போன்ற விளக்குக் கம்பங்களை நிரை நிரையாக நட்டார். பார்க்க அழைக்கப்பட்டவர்களோ மிகச் சிலர்.

1970களில் கம்பளித் தொழில் நலிந்தது. 1976இல் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் வந்தன. சகோதரர்கள் எல்லை கடந்து சுவிற்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச் மாதம் தொழிலாளர்கள் அந்தக் கட்டடத்தினுள் நுழைந்தார்கள். உள்ளே 400க்கும் மேற்பட்ட கார்கள். அவற்றுள் 100க்கும் மேற்பட்டவை புகாட்டிகள், இரண்டு ரோயல்கள். ஆலையில் பணமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்த விளக்குகளின் கீழ் நின்ற கணத்தை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். தாங்கள் நூற்ற நூல் எங்கே போனது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

தீ வைத்திருக்கலாம், கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தச் சேர்க்கையை அவர்கள் அழிக்கவில்லை. 'தொழிலாளர் தொழிற்சாலை' என்று பெயர் மாற்றி, கதவைத் திறந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். இலட்சக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். 1978இல் பிரெஞ்சு அரசு அந்தச் சேர்க்கையை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1982இல் அது முறையான நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்ஸின் பித்து இல்லாவிட்டால் அந்தக் கார்களில் பல துருப்பிடித்துச் சிதறிப் போயிருக்கும். அதற்காக அந்தப் பித்துக்கு விலை கொடுத்தவர்களை மறப்பதற்கில்லை. ரோயலை வாங்கிய எஸ்டர்ஸும் துணியால் பணம் கண்டவர். சேர்த்து வைத்த ஷ்லும்ப்களும் நூலால் பணம் கண்டவர்கள். தறிச்சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இது கண்ணில் படாமல் போகாது.

மருமகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப கூல் இல்லையா மாமா?" என்றான்.

"அழகுதான் மகன்" என்றேன். "அதை வார்த்தவனும் தட்டி நிமிர்த்தவனும் செய்த அழகு. பூட்டி வைத்தவனுக்கு அதில் பங்கு குறைவு. கதவைத் திறந்தவனுக்குக் கொஞ்சம் கூட."

அவன் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான். "மாமா, அந்த ரெயில் பெட்டிப் படம் கிடைக்குமா?" என்று கேட்டான். இருவருமாகத் தேடத் தொடங்கினோம்.