இதயத்திற்கு ஓர் இரவல் கதவு

அரபு மொழியில் இதய வால்வை ‘ஸிமாம்’ என்பர். குப்பியின் வாயை மூடும் அடைப்பானுக்கும் அதுவே பெயர். குருதியை ஒரு திசையில் செல்லவிட்டு, திரும்பி வராமல் தடுப்பது அதன் பணி. ஆயினும் அது வெறும் அடைப்பான் அன்று, உயிருள்ள அடைப்பான். அவ்வேறுபாட்டின் ஆழத்தை மருத்துவ உலகம் உணர்ந்த வரலாறு அறியத் தக்கது.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார், லோவல் எட்வர்ட்ஸ் ஆகிய இருவரின் முயற்சியால், கூட்டுக்குள் பந்து அமைந்த செயற்கை வால்வு மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. அது நெடுங்காலம் உழைத்தது. ஆனால் அதன்மேல் இரத்தம் உறைந்தது. உறைவைத் தடுக்கும் மருந்தை நோயாளி ஆயுள் முழுவதும் உண்ண வேண்டியதாயிற்று.

ஆகவே மருத்துவர்கள் உயிரினங்களின் திசுவை நாடினர். 1965இல் பாரிஸ் நகரில் ழான் பால் பினே, அலென் கார்பாந்தியே ஆகியோர் பன்றியின் வால்வை மனிதருக்குப் பொருத்தினர். உறைவுத் தொல்லை குறைந்தது. எனினும் உடல் அதனை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்த்தமையால், பல வால்வுகள் விரைவிலேயே பழுதுற்றன.

அதற்குப் பரிகாரமாகக் கார்பாந்தியே 1960களின் இறுதியில் கையாண்ட இரசாயனம் குளூட்டரால்டிஹைடு. தோல் பதனிடுவோரும் பயன்படுத்தும் பொருளே அது. பச்சைத் தோல் அழுகும். பதனிட்ட தோல் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மரியன் அயனெஸ்கு, மாட்டின் இதய உறையை இவ்வாறே பதனிட்டு வால்வு அமைத்தார். பன்றி என்றதும் தயங்கும் நம் குடும்பத்தார்க்கு இது மாற்று வழியாயிற்று.

ஆனால் பதனிட்டதால் அழுகலோடு உயிரும் நீங்கியது. உயிருள்ள செல், தன்னுள் மிகுதியாகப் புகும் கால்சியத்தை வெளியேற்றிவிடும். இறந்த செல்லுக்கு அந்த ஆற்றல் இல்லை. அதன் சவ்விலுள்ள பாஸ்பரசோடு கால்சியம் கூடிச் சுண்ணமாய்ப் படிகிறது. வால்வின் இதழ்கள் விறைத்துக் கிழிகின்றன. இதயமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கிறது. அத்தனை முறையும் மடங்கி விரியும் இழைகள் அறுந்தால், அவற்றைப் புதுப்பிக்க அங்கே உயிர் இல்லை. உடலின் எதிர்ப்பும், கிருமித் தொற்றும், சில வேளைகளில் இரத்த உறைவும் அழிவை விரைவுபடுத்துகின்றன.

முதியோரிடம் இவ்வால்வு பொதுவாகப் 10 முதல் 15 ஆண்டுகள், சிலரிடம் அதற்கு மேலும் உழைக்கும். இளையோரிடம் விரைவில் கெடும். வாதக் காய்ச்சலால் இளமையிலேயே வால்வு கெடும் நம் நாட்டில் இது பெருஞ்சோதனை. தாய்மை நாடும் இளம் பெண்ணுக்குச் செயற்கை வால்வு என்றால், உறைவுத் தடுப்பு மருந்து கருவைப் பாதிக்கக்கூடும். திசு வால்வு என்றால் மற்றோர் அறுவைச் சிகிச்சை காத்திருக்கும்.

2002இல் பிரான்சில் அலென் கிரிபியே, நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியே வால்வைச் செலுத்திப் பொருத்தினார். இன்று, தேய்ந்த திசு வால்வினுள்ளேயே புதியதொன்றை அவ்வழியில் பலருக்குப் பொருத்துகின்றனர். அதுவும் பதனிட்ட திசுவே.

ஆதலின், வால்வு எதனால் ஆனது, எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதைச் சிகிச்சைக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டறியுங்கள். பின்னர் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்லுங்கள். மீண்டும் மூச்சு வாங்கினால், வயதின் தளர்ச்சி என்று வாளா இருந்துவிடாதீர்கள். இரவல் கதவுக்குத் தவணை உண்டு.