டவர் போனாலும் வானம் இருக்கிறது
கடம்பத்தூர் தாண்டி உள்ரோட்டில் போகிற லோடு வண்டிக்காரர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற பேச்சு: "டவர் போச்சு, மேப் அவ்ளோதான்." இதில் பாதிதான் உண்மை. டவர் போனால் வரைபடம் வருவது நிற்கும். நாம் நிற்கும் இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள்கள். அவை நேரத்தையும் தாம் இருக்குமிடத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நாலு கோள் கிடைத்தால் போதும், போன் கணக்குப் போட்டுவிடும். டவர் இல்லாவிட்டால் முதல் கணக்குக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.

இந்த இரண்டுக்குமே நம்ம பக்கத்தில் வரலாறு உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாக இந்திய வரைபடம் அதிலிருந்துதான் வளர்ந்தது. அளந்தது கம்பெனி அரசுக்காக.

வானமும் அப்படித்தான். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 2000 மே வரை பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே பிசகாக்கித்தான் கொடுத்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கிராமத்தில் அது வேறொரு தெரு.

அடுத்தவர் கையில் இருக்கும் விளக்கை எத்தனை நாள் நம்புவது? 2013 ஜூலை 1 இரவு, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் முதல் வழிகாட்டும் செயற்கைக்கோள் கிளம்பியது. 2016இல் ஏழாவதும் போய்ச் சேர்ந்தது. நாவிக் என்று பெயர் வைத்தார்கள்.

ஆக, வானத்துக்கு ரீசார்ஜ் வேண்டாம். வரைபடத்தை மட்டும் டவர் இருக்கும்போதே இறக்கி வெச்சுக்கணும்.