காற்றுத் தறி முதல் ஃபாயில் தொப்பி வரை

1810இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியானது. எழுதியவர் ஜான் ஹாஸ்லம். பெத்லம் மனநோய் மருத்துவமனையின் அப்போதிக்கரி, அதாவது மருந்துப் பொறுப்பாளர். ஒரே ஒரு மனநோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் முழுப் புத்தகம் அது என்பார்கள். அந்த நோயாளி ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் என்ற தேயிலை வியாபாரி. மறைவான இடத்திலிருந்து ஓர் இயந்திரம் தன் எண்ணங்களை ஆட்டிவைக்கிறது என்று அவர் சொன்னார். மூளைக்குள் அலைகள் புகுந்துவிடும் என்று தலையில் அலுமினிய ஃபாயிலைச் சுற்றிக்கொள்கிறவர்களின் வரலாற்றை நான் இவரிடமிருந்துதான் தொடங்குவேன்.

மனநல வார்டில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் சேர்ந்த புதிதில், ரேடியோ தங்களைப் பற்றியே பேசுகிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். பிறகு டிவி. அதன்பின் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா, செல்போன் டவர், கடைசியாக ஊசி வழியே உடம்புக்குள் போன சிப். பயம் என்னவோ ஒன்றுதான். கருவிதான் மாறிக்கொண்டே வந்தது. அந்தப் பயத்தின் வம்சாவளியைத் தேடிப் படிக்கத் தொடங்கியவள், மேத்யூஸிடம் வந்து நின்றேன்.

அவர் சொன்ன இயந்திரத்தின் பெயர் 'காற்றுத் தறி'. 'லண்டன் வால்' என்ற இடத்தின் பக்கத்தில் ஒரு நிலவறையில் ஏழு பேர் கொண்ட கும்பல் அதை இயக்கியதாம். தலைவன் பெயர் 'ராஜா பில்'. அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. 'கையுறைக்காரி' என்றொருத்தி, தறியை ஓட்டுவதில் கெட்டிக்காரி, ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் பேசமாட்டாள். பீப்பாய்களில் அழுகலும் நாற்றமும் கலந்த வாயுக்கள். அவற்றை மேலே கொண்டுசெல்லக் குழாய்கள். அவற்றோடு சேரும் காந்த சக்தி. மேத்யூஸ் தன் கையாலேயே அதை வரைந்தார். ஹாஸ்லம் அந்தப் படத்தைப் புத்தகத்தில் சேர்த்தார். அந்த இயந்திரம் செய்த சித்திரவதைகளுக்கும் பெயர்கள் இருந்தன. வேண்டாத ஓர் எண்ணத்தை மூளைக்குள் ஏற்றி, மணிக்கணக்கில் அதை மிதக்கவிட்டு, வேறெதையும் நினைக்கவிடாமல் செய்வதற்குப் 'பட்டம் விடுதல்' என்று பெயர். இதைச் சொன்ன மனிதரின் அவஸ்தை எனக்குப் புரிகிறது. அப்படி ஓர் எண்ணத்தைத் தள்ள முடியாமல் விடியவிடிய உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பக்கத்தில் நானும் இரவுப் பணியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் தறியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பாகமும் அன்றைய செய்திதான். ஜோசப் பிரீஸ்ட்லி 1774இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத வாயுக்கள் பற்றிய பேச்சு எங்கும் இருந்தது. மனித உடம்பில் காந்த சக்தி ஓடுவதாகச் சொல்லி மெஸ்மர் என்ற மருத்துவர் பாரிஸை மயக்கியிருந்தார். கார்ட்ரைட் 1785இல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். புதிதாக வந்த, பார்க்க முடியாத, யாருக்கும் முழுதாக விளங்காத சக்திகளை எடுத்துத்தான் மேத்யூஸின் மனம் தன் இயந்திரத்தைக் கட்டியது.

அவருடைய பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போர் மூளாமல் தடுக்க, பாரிஸுக்கும் லண்டனுக்கும் அலைந்தவர் அவர். ரகசியப் பேச்சுவார்த்தைகளை நேரில் கண்டவர். ஒற்றர் என்று சந்தேகித்து 1793இல் பிரான்சில் பிடித்து அடைத்தார்கள்; 1796இல்தான் வெளியே வந்தார். லண்டன் திரும்பி, பாராளுமன்றப் பார்வையாளர் மாடத்திலிருந்து லிவர்பூல் பிரபுவைப் பார்த்து "துரோகம்!" என்று கத்தினார். 1797 ஜனவரியில் பெத்லமில் சேர்க்கப்பட்டார். 1809இல் இரண்டு மருத்துவர்கள் அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று சாட்சி சொல்லியும் வெளியே விடவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் ஹாஸ்லம் அந்தப் புத்தகத்தையே எழுதினார்.

1815இல் பாராளுமன்றக் குழு ஒன்று மனநோய் விடுதிகளை விசாரித்தது. பெத்லமில் ஜேம்ஸ் நோரிஸ் என்ற மாலுமி பல ஆண்டுகள் கழுத்திலும் உடம்பிலும் இரும்புப் பட்டைகளோடு கட்டிவைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. மேத்யூஸ் நடத்தப்பட்ட விதமும் விசாரணைக்கு வந்தது. ஆனால் அவர் அந்த ஆண்டு தொடக்கத்திலேயே இறந்துவிட்டிருந்தார். 1816இல் ஹாஸ்லம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். காற்றுத் தறி இல்லாத ஒன்று. சுவருக்குள் மறைத்துவைத்த கொடுமையோ நிஜம்.

அடுத்த நூற்றாண்டில் மின்சாரமும் வானொலியும் வந்தன. வியன்னாவில் பிராய்டின் வட்டத்தைச் சேர்ந்த விக்டர் டவுஸ்க் 1919இல் எழுதிய கட்டுரையில், தங்களை ஓர் இயந்திரம் இயக்குவதாகச் சொல்லும் நோயாளிகளைப் பற்றி விவரித்தார். பொத்தானும் கம்பியும் பேட்டரியும் அந்த இயந்திரத்துக்குள் வந்துவிட்டன. 1926இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி ஒரு கதை எழுதினார். பின்னாளில் யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநரான அதே ஹக்ஸ்லிதான். எண்ணங்களைத் தொலைவிலிருந்து செலுத்தும் சக்தியிலிருந்து தப்பிக்க, அந்தக் கதையில் வருகிறவர்கள் உலோகத் தகட்டுத் தொப்பி அணிகிறார்கள். ஃபாயில் தொப்பி எழுத்தில் பதிவான மிகப் பழைய இடங்களில் அது ஒன்று.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் மறக்கக் கூடாது. 1953இல் அமெரிக்காவின் சிஐஏ, மனிதர்களின் மனத்தை வசப்படுத்தும் வழிகளைத் தேடி எம்கே அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் பணம் 1957 முதல் கனடாவின் மான்ட்ரியலில் இருந்த ஆலன் மெமோரியல் மனநல நிலையத்துக்கும் போனது. அங்கே யூவன் கேமரன் என்ற மருத்துவர், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சைக்கு வந்தவர்களை வாரக்கணக்கில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார். அளவுக்கு மீறி மின் அதிர்ச்சி கொடுத்தார். ஒரே வாக்கியத்தை டேப்பில் ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டார். அந்த நிலையத்தில் ஒரு பெண், "என் தலைக்குள் யாரோ குரலைப் புகுத்துகிறார்கள்" என்று சொல்லியிருந்தால், அது நோயின் அறிகுறி என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். அவள் சொன்னதோ உண்மையாக இருந்திருக்கும். அந்த வார்டிலும் என்னைப் போன்ற செவிலியர்கள் பணியில் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை.

அதே காலத்தில் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்தின் மீது சோவியத் தரப்பு பல ஆண்டுகள் மைக்ரோவேவ் கதிர்களைப் பாய்ச்சிவந்தது. விஷயம் தெரிந்த அமெரிக்க அதிகாரிகள் தங்கள் ஊழியர்களிடமே சொல்லவில்லை. வைரஸ் ஆய்வு என்று சொல்லி ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 1976இல்தான் ஊழியர்களுக்கு உண்மை தெரிந்தது. பின்னர் நடந்த ஆய்வில் அவர்கள் உடல்நலம் கெட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் கெட்டுப்போன நம்பிக்கை திரும்பவில்லை.

ஃபாயிலைத் தலையில் சுற்றுவதால் பயன் உண்டா? நான்கு பக்கமும் மேலும் கீழும் மூடிய உலோகக் கூண்டு மின்புலத்தைத் தடுக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1836இலேயே செய்து காட்டினார். தொப்பியோ கீழே திறந்திருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் சோதித்தபோது, சில அலைவரிசைகளில் தொப்பிக்குள் அலையின் வலு கூடவே செய்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சதிக் கதைகளை நம்புகிறவர்கள் எல்லாரும் மனநோயாளிகள் அல்ல. என் வார்டுக்கு வந்தவர், "என்னைத்தான் குறிவைக்கிறார்கள்" என்பார். அவருக்குச் சிகிச்சை வேண்டும், பக்கத்தில் பொறுமையாக ஓர் ஆள் வேண்டும். சதிக் கதையை நம்புகிறவர், "நம் எல்லாரையும் ஏமாற்றுகிறார்கள்" என்கிறார். வேலை போனவர், நோய்க்குக் காரணம் தெரியாதவர், அதிகாரியின் வாசலில் பதில் கிடைக்காமல் நின்றவர் அப்படிப் பேசுவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். தம் வாழ்க்கை தம் கையில் இல்லை என்ற உணர்வு ஏற்படும்போது, வெறும் புள்ளிகளில்கூட மனிதர்கள் உருவங்களைக் காண்கிறார்கள் என்று விட்சன், கலின்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 2008இல் சோதனைகளில் காட்டினார்கள். தற்செயல் என்பதைவிட, எதிரி ஒருவன் இருக்கிறான் என்பது மனத்துக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

நிஜமான சதியையும் கற்பனைச் சதியையும் பிரித்தறிய வரலாறு ஒரு வழி தருகிறது. எம்கே அல்ட்ரா கோப்புகளை அழிக்கச் சொல்லி 1973இல் உத்தரவு போனது. ஆனாலும் கணக்குப் பிரிவின் பெட்டிகளில் சுமார் 20,000 ஆவணங்கள் தப்பின. 1977இல் அமெரிக்க செனட் விசாரணை நடந்தது. 1988இல் கனடாவைச் சேர்ந்த ஒன்பது பேருக்கு சிஐஏ 7,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. நிஜச் சதியில் ரசீது இருக்கும், கையெழுத்து இருக்கும், சொதப்பல் இருக்கும், வாய் திறக்கும் ஒருவர் இருப்பார். மனத்தைப் பிடிக்கப் புறப்பட்ட அந்தத் திட்டம் கடைசியில் தோற்றுத்தான் போனது. கற்பனைச் சதி ஒருபோதும் தோற்காது. அதில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ராஜா பில்லின் கும்பல் அப்படிப்பட்டது.

ஆகவே ஃபாயில் சுற்றியவரைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிரிப்பு அவரைத் தனிமைக்குத் தள்ளும். அந்தத் தனிமையில் நம்பிக்கை இறுகும். "எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது, அப்போது வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டால் பேசுவார், என் அனுபவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள் குறைவு. மறுபக்கம், அரசும் மருத்துவமனையும் கோப்புகளைத் திறந்துவைக்க வேண்டும். சோதனை என்றால் சோதனை என்று சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்ய வேண்டும். மான்ட்ரியலில் நடந்ததைப் போன்ற ஒவ்வொரு மூடிமறைப்பும் அடுத்த தலைமுறையின் சந்தேகத்துக்கு நியாயம் சேர்த்துக்கொடுக்கிறது. மக்களை நம்பச் சொல்லும் முன், நம்புவதற்குத் தகுந்தபடி நடந்துகொள்வது அதிகாரத்தில் இருப்பவர்களின் கடமை.