கடல் இல்லாத ஊரில் படகு மோட்டார்

செலாயாங்கிலிருந்து கடலைப் பார்க்க நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் வண்டி ஓட்ட வேண்டும். இந்த ஊரில் படகு மோட்டார் பட்டறையா என்று கேட்காத ஆள் இல்லை. ஈயச் சுரங்கம், டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள், மீன் லோரி, இந்த மூன்றும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை இங்கே கொண்டுவந்து இறக்கின.

என் தாய்மாமா ரவாங் பக்கம் ஒரு சீன முதலாளியின் ஈயச் சுரங்கத்தில் பம்ப் ஃபிட்டர். மணலும் சரளையும் தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறும் பம்ப் அது. உள்ளே சுழலும் இம்பெல்லரை மணல் அரித்துக்கொண்டே இருக்கும். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் கடைந்து, மறுபடி மாட்டுவதிலேயே அவருடைய வயசு போனது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க அது வாங்கிக் குவித்த ஈயத்துக்குக் கடன் கட்ட முடியவில்லை. லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. சில மாதங்களில் விலை ஏறக்குறையப் பாதியானது. இங்கே சுரங்கங்கள் வரிசையாக மூடின. மாமாவுக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கிக்கு ஒரு பழைய லேத் கிடைத்தது. அதை லோரியில் ஏற்றி செலாயாங் பாருவுக்குக் கொண்டுவந்தார். அவசரகாலத்தில் முள்கம்பி வேலிக்குள் ஆட்களைக் குடியேற்றி உண்டாக்கிய புதுக்கிராமங்களில் ஒன்று அது.

அதே 1985-இல்தான் யமஹா ஆர்எக்ஸ்இசட் நம் சாலைக்கு வந்தது. 133 சிசி, டூ ஸ்ட்ரோக். பையன்கள் அதை ஓட்டிய ஓட்டத்தில் பிஸ்டன் ஜாம் ஆகாத வாரமே கிடையாது. சிலிண்டரை ரீபோர் செய்து, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டு அனுப்பினால், இன்னொருவன் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிற்பான். மாமா அதில் கை தேர்ந்தார். நான் அவரிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன்.

படகு மோட்டார் வந்தது பாசார் போரோங் வழியாக. செலாயாங் மொத்தச் சந்தையில் விடிய விடிய மீன் இறங்கும். கோலசிலாங்கூர் பக்கமிருந்து வந்த லோரி ஒன்றில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, சாக்கில் சுற்றிய ஒரு 40 குதிரைத்திறன் யமஹா கிடந்தது. லோரி திரும்பும்போது காலிதான். சரிசெய்ததை அதிலேயே ஏற்றிவிடலாம், கூலி இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்த மாமா சிரித்துவிட்டார். உள்ளே இருந்தது ஆர்எக்ஸ்இசட்டின் பெரியண்ணன். இரண்டு சிலிண்டர், அதே வகைப் பிஸ்டன், அதே வகை ரிங், காற்றுக்குப் பதில் தண்ணீரில் குளிரும், அவ்வளவுதான்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் பட்டறை வைத்திருந்த ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகைப் படகு மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரைத்திறன்தான். எடை 28 கிலோ. ஜப்பானில் தொஹாட்சு 1956-இலும் யமஹா 1960-இலும் தொடங்கின. நம் கரைகளுக்குப் பிறகு வந்து குவிந்தவை பெரும்பாலும் ஜப்பான் மோட்டார்கள்தாம். மலாய் மீனவர்கள் படகு மோட்டாரை ‘என்ஜின் சங்குட்’ என்பார்கள். படகின் பின்பலகையில் தொங்குகிற என்ஜின்.

மோட்டார் கூடவே கடனும் வந்தது. ரேமண்ட் ஃபர்த் என்ற மானிடவியலாளர் 1939-40-இல் கிளந்தானில் மலாய் மீனவர்களோடு தங்கி எழுதியவர். அப்போது பாயும் துடுப்பும்தான். 1963-இல் திரும்பிப் போனபோது என்ஜின் வந்திருந்தது, முதல் போடுகிறவர் கையும் ஓங்கியிருந்தது. மேற்குக் கரையிலும் இதே கதைதான். மீன் வாங்கும் முதலாளியான தவுக்கே மோட்டார் வாங்கக் கடன் கொடுப்பார். வட்டி என்று தனியாக ஒன்றும் கேட்க மாட்டார். மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். இதிலிருந்து சிறு மீனவரை வெளியே எடுக்கத்தான் 1971-இல் மீன்வள மேம்பாட்டு வாரியமான எல்கேஐஎம் அமைந்தது. அறுபதுகளில் இழுவைப் படகுகள் வந்து கரையோரத்தை வழித்தெடுத்ததில் சண்டை மூண்டு, எண்பதுகளில் கரையிலிருந்து 5 கடல் மைல் வரை பாரம்பரிய வலைக்காரர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அந்த 5 மைலுக்குள் ஓடும் சம்பானுக்கு ஒரு 40 தாராளம். அதனால்தான் ஒரே அளவு மோட்டார் தலைமுறை தாண்டியும் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, “ஓவர்ஹால் பண்ணலாமா, வேண்டாமா அண்ணே?” என்று கேட்டால், மாமாவின் முதல் கேள்வி மோட்டாரைப் பற்றி இருக்காது. “புதுசு வாங்கினா யாரு காசு?” என்பார். சொந்தக் காசு என்றால் ஒரு கணக்கு. தவுக்கே காசு என்றால், மோட்டார் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் கட்டிக் கொடுப்பார். இது நல்ல மெக்கானிக் சொல்லக்கூடிய பதில் இல்லை என்று பலர் நினைத்தார்கள். எனக்கு அதைவிடச் சரியான பதில் இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் இரும்பைப் பார்ப்பது. மாமா கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய மாட்டார். சூடேற்றி, பெட்ரோல் தெளித்து, எந்தப் பிணத்தையும் பத்து நிமிடம் ஓட வைக்கலாம். அவர் போல்ட்டைப் பார்ப்பார். கார் மாதிரி இதற்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீரே உள்ளே ஏறிச் சுற்றி வெளியே வரும். அலுமினியத்துக்குள் இருக்கும் எஃகு போல்ட்டைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். எக்ஸாஸ்ட் மூடியின் ஒரு போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்புவார். கிறீச்சென்று சத்தம் வந்து அசைந்தால் நல்லது. சத்தமே இல்லாமல் மெத்தென்று சுற்றினால் கை நிறுத்துவார். போல்ட் உள்ளே முறுகுகிறது, இன்னொரு கால் சுற்றில் தலை கையோடு வந்துவிடும். அப்படி நாலு உடைந்தால், துளையிட்டு எடுக்கிற கூலியே மோட்டாரின் விலையைத் தாண்டும்.

மூடி வந்துவிட்டால் துவாரம் வழியாக டார்ச் அடித்துச் சிலிண்டர் சுவரைப் பார்க்கலாம். நெடுக்குக் கீறல் விரலில் தட்டினால் ரீபோர்தான். கம்ப்ரஷன் மீட்டரில் இரண்டு சிலிண்டரும் 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டி, ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் தலையைத் தொடவே வேண்டாம். கீழே கியர் ஆயிலைச் சொட்டவிட வேண்டும். பால் காப்பி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. கடைசியாகப் பிஸ்டன் தலையில் அடித்திருக்கும் எண். 0.50 என்று இருந்தால் இதற்கு முன்பே ஓவர்ஹால் ஆகிவிட்டது. பல மாடல்களுக்கு அதற்கு மேல் பெரிய பிஸ்டனே கிடையாது.

கிள்ளான் கடற்கால் சேறு. கெத்தாம் தீவுப் பக்கம் ஓடிய மோட்டாரில் தண்ணீர் பம்ப் இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் நுனி மழுங்கி வரும். மாமாவுக்கு அது பழைய பழக்கம். அதற்கு நேர்மாறு, குண்டாங் பக்க ஈயக் குட்டைகளில் தூண்டில்காரர்கள் ஓட்டியவை. உப்பைக் கண்டதில்லை, போல்ட் எல்லாம் வெண்ணெயாகக் கழலும். வெளியே பெயிண்ட் உரிந்து கிடந்தாலும் அதை விடாதே என்பார்.

அமெரிக்கா 1996-இல் கொண்டுவந்த புகை விதிகளால் அங்கே கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் படிப்படியாக மறைந்தது. நம் மாதிரி நாடுகளுக்கென யமஹா அதன் எண்டூரோ வகையைத் தொடர்ந்து செய்ததால் சாமானுக்குப் பஞ்சமில்லை. ஜான்சன், எவின்ரூட் வைத்திருப்பவர்கள்தாம் பாவம். அவற்றைச் செய்த ஓஎம்சி 2000 டிசம்பரில் திவாலானது. பிறகு எடுத்து நடத்தியவர்களும் 2020-இல் எவின்ரூடை நிறுத்தினார்கள். சிலிண்டர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஜான்சனை நான் கட்டுவதில்லை.

2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, கொட்டகையில் தூங்கிய மோட்டார்களையெல்லாம் ஆட்கள் எடுத்து ஓட்டினார்கள். சில படகோடு கவிழ்ந்தன. ஒருவர் போன் செய்து, வெயிலில் காயவைத்திருக்கிறேன் என்றார். உடனே தண்ணீர்த் தொட்டிக்குள் போடச் சொன்னேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். முங்கிய மோட்டாரைக் காற்றுப் பட்ட பிறகுதான் துரு தின்னும். சில மணி நேரத்துக்குள் கழுவி, பிளக் கழற்றி, எண்ணெய் ஊற்றி ஓட்ட முடியாவிட்டால், கைக்கு வரும்வரை நல்ல தண்ணீரில் மூழ்கியே கிடக்கட்டும்.

ஆர்எக்ஸ்இசட்டை 2011-இல் நிறுத்தியபோது ரீபோர் கடைகளும் மூடிவிடும் என்று பயந்தேன். நடந்தது வேறு. இப்போது வசதியுள்ளவர்கள் அதைத் தேடிப்பிடித்து, பல மடங்கு விலை கொடுத்து, புதிது போல் கட்டி வீட்டில் நிறுத்துகிறார்கள். அவர்கள் கொடுக்கும் கூலியில்தான் போரிங் மெஷின் சுற்றுகிறது. அதே மெஷினில் மீனவரின் 40-க்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்கிறேன். போன மாதம் ஒரு மீனவர் கொண்டுவந்தது 0.25 பிஸ்டன், போல்ட் எல்லாம் கழன்றது, மகனுக்கு எல்கேஐஎம் கடன் இன்னும் வரவில்லை. கட்டலாம் என்று சொல்லி 0.50 பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை இதே மோட்டார் வந்தால் கட்ட மாட்டேன் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.