தைரொயிட் ஓமோன்களும் தசையும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே தைரொயிட் சுரப்பி இருக்கிறது. அது அயடினைக் கொண்டு ஆக்கும் தைரொட்சின் (டி4), ட்ரைஅயடோதைரொனின் (டி3) என்னும் ஓமோன்கள் வன்கூட்டுத் தசையின் வேகத்தையும் சக்திச் செலவையும் பருமனையும் ஆளுகின்றன. நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டப் பெண்களின் பிழைப்பே கால் தசையை நம்பியது.

சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது டி4. தசைக்குள் ஒரு நொதி அதிலிருந்து ஓர் அயடின் அணுவைக் கழற்றி, வீரியம் மிக்க டி3 ஆக்குகிறது. டி3 கலக்கருவிலுள்ள ஏற்பியோடு சேர்ந்து மரபணுக்களை இயக்க, கலத்துக்குச் சக்தி ஆக்கும் இழைமணிகள் பெருகுகின்றன. விரைவாகச் சுருங்கும் இழைகள் கூடுகின்றன. புரதத்தைக் கட்டுவது, உடைப்பது இரண்டும் வேகமெடுக்கின்றன.

ஓமோன் மிகுந்தால் உடைப்பு முந்திவிடும். நன்றாகச் சாப்பிட்டும் தொடையும் மேற்கையும் மெலியும். குந்தியிருந்து எழும்புவது கடினமாகும். ஓமோன் குறைந்தால், தசை சேமித்துவைத்த கிளைக்கோசனை உடைத்துச் சக்தி பெறுவது தடைப்படும்; விரைவு இழைகள் நலியும்; பிடிப்பும் உளைவும் வரும். குதிகால் நாணைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளும், ஆனால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பும். சிலருக்குத் தசை பருத்துத் தெரிந்தும் வலு இராது. இதற்கு ஹொஃப்மன் நோய்க்குறி என்று பெயர்.

அயடின் குறைவால் தைரொயிட் சுரப்பி வீங்கும் கண்டக்கழலை இலங்கையின் ஈரவலயத்தில் நெடுங்காலமாகக் காணப்பட்டது. மண்ணின் அயடினை மழை கழுவிச் செல்வது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1995 முதல் உணவு உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமாயிற்று. தோட்டக் குடியிருப்பான லயத்தின் அடுப்படி ஈரத்திலும் சூட்டிலும் திறந்து கிடக்கும் உப்பு அந்த அயடினை இழக்கும்; மூடிவைப்பதே முறை. இன்று அயடின் போதிய அளவு கிடைப்பவர்களுக்கும், சுரப்பியை உடலே தாக்கும் நோயால் ஓமோன் குறைகிறது. பெண்களிடம் இது அதிகம்.

கால் வலுவில்லை என்று சொல்லும் பெண்ணை வேலைக் களைப்பு என்று திருப்பி அனுப்புவது தவறு. ஓர் இரத்தப் பரிசோதனையிலேயே ஓமோன் குறை தெரிந்துவிடும். அதற்குத் தரப்படும் தைரொட்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் குடிக்கும் தேத்தண்ணிக்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இரத்தசோகைக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைரொட்சின் உடலில் சரியாகச் சேராது.